தனியாக ஓட்டத் தகுந்த வண்டி

ஒர்னெல்லாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தபோது வயது ஐம்பத்து நான்கு. ஆனால் இத்தாலியச் சட்டம் ஆளின் நரையைப் பார்ப்பதில்லை, லைசென்ஸில் உள்ள தேதியைத்தான் பார்க்கும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் கையால் சூப் குடித்து வளர்ந்த பொடியன்களோடு அவளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. முதல் வருடம் சக்தி அதிகமுள்ள வண்டியைத் தொடக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒரு சொட்டு ஒயின் குடித்துவிட்டும் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. முதல் விதி அவளுக்குத் தலைவலி. இரண்டாவது, அவள் கணவன் வாஸ்கோவுக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் இனி அவன் யாரோடு கிண்ணத்தை முட்டிக்கொள்வது?

அதுவரை அவள் பிறர் வண்டியிலேயே வாழ்ந்தவள். அப்பாவின் டிராக்டரில் மட்கார்டு மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள். அண்ணன் ஒலிந்தோவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து நடனத்துக்குப் போனாள். அந்த நடனத்தில் பார்த்த வாஸ்கோவின் காரில், இத்தாலியில் ஓட்டுபவன் இடப்பக்கம் என்பதால், வலப்பக்கம் உட்கார்ந்து கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வாழவந்தாள். அப்புறம் முப்பது வருடமும் அதே வலப்பக்கம்தான். வால்தோர்னா பள்ளத்தாக்கை அவளுக்குப் பாதிதான் தெரியும் என்று சொன்னாலும் தப்பில்லை. இறங்கும்போது ஆறு, ஏறும்போது பாறை. இன்னொரு பாதி வாஸ்கோவின் காதுக்கு அப்பால் இருந்தது.

வாஸ்கோ கெட்டவன் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கொண்டுபோய் விட்டான். பல் டாக்டரிடம், செருப்புக் கடைக்கு, அவளுடைய சிநேகிதி வீட்டுக்கு. வெளியே வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி காத்திருப்பான், முணுமுணுக்க மாட்டான். காத்திருப்பவன் முணுமுணுக்காவிட்டால் உள்ளே இருப்பவளுக்குத்தான் உட்கார முடியாது. சிநேகிதி வீட்டில் அவள் ஒரு தடவைகூட இரண்டாவது காபி குடித்ததில்லை.

அவன் கொண்டுபோகாத ஒரே இடம் கணவாய்க்கு அந்தப் பக்கம். ஒலிந்தோவின் வீடு.

காரணம் ஒரு காட்டுப்பன்றி. வாஸ்கோவுக்குக் கல்குவாரியில் எடைமேடை வேலை. லாரிகள் ஏறும், இறங்கும், அவன் சீட்டு அடிப்பான். பல வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில் வேட்டைக் குழுவோடு போன ஒலிந்தோ ஒரு பன்றியைச் சுட்டான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பன்றி ஒவ்வொரு மதுக்கடையிலும் பத்துக் கிலோ கூடியது. வாஸ்கோ விளையாட்டாக அதைக் குவாரிக்குத் தூக்கிவரச் சொல்லி எடைமேடையில் போட்டான். ஒலிந்தோ சொன்னதில் பாதிக்குச் சற்று மேலேதான் வந்தது. அதை வாஸ்கோ வீட்டுக்குள் சொல்லியிருக்கலாம். மதுக்கடையில் சீட்டை உயர்த்திப் படித்தான். ஒலிந்தோ எழுந்து, உன் தராசும் உன்னை மாதிரிதான், முதலாளி பக்கமே சாயும் என்றான். எடைமேடைக்காரனிடம் அவன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தால்கூட அவன் மன்னித்திருப்பான். லாரி நிறுக்கும் தராசில் பன்றியைப் போட்டது யார் தப்பு என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஊர் மறந்தது. அந்த இருவரும் மறக்கவில்லை.

ஒர்னெல்லா பஸ்ஸில் போய் அண்ணனைப் பார்த்து வந்தாள். பிறகு கணவாய் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் டெலிபோன்தான். போன குளிர்காலத்தில் ஒலிந்தோவுக்கு நுரையீரல் கெட்டு, அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டர் அம்மாள் போனில் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: பார்க்கிறதாக இருந்தால் அடுத்த குளிர்காலத்தை நம்பாதீர்கள்.

மறுநாளே ஒர்னெல்லா டிரைவிங் பள்ளியில் பேர் கொடுத்தாள். ஏன் என்று வாஸ்கோ கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஒலிந்தோ என்ற பெயர் வீட்டுக்குள் வரும். அவள் பொடியன்களுக்கு நடுவில் உட்கார்ந்து சரியா தப்பா பரீட்சை எழுதினாள். ஒரு தடவை தோற்றாள். அவளிடம் சூப் குடித்த ஒருவன் விடையைக் காட்டவா என்று கண்ணால் கேட்டான். நீ முதலில் உன் தாளைப் பார் என்று அவளும் கண்ணாலேயே சொன்னாள். இரண்டாம் தடவை அவள் தேறினாள், அவன் தோற்றான்.

லைசென்ஸ் வந்த அன்று வாஸ்கோ மதுக்கடையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தான். அவனுடைய சாம்பல் நிற டீசல் கார் வாசலில் நின்றது. அங்கேதான் காவல்நிலைய அதிகாரி மரேஷல் கபூத்தோ, நல்ல மனுஷன், தெற்கத்திக்காரன், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம், தன் போனை எடுத்து அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் அந்த வண்டியின் நம்பரைத் தட்டிப் பார்த்தான். புது டிரைவருக்குத் தகுந்ததா? இல்லை. எடையைக் கணக்குப் பார்த்தால் சக்தி ஒரு மூக்கு நுனி கூடுதல்.

"ஒரு மூக்கு நுனிதானே மரேஷல்," என்றான் வாஸ்கோ.

"உங்க மூக்கா இருந்தா விட்டுருவேன்," என்றான் கபூத்தோ. "இது சட்டத்தோட மூக்கு."

ஆனால் ஒரு வழி உண்டு என்றும் அவனே சொன்னான். பத்து வருடத்துக்கு மேல் லைசென்ஸ் வைத்திருக்கிற, அறுபத்தைந்தைத் தாண்டாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இந்தத் தடை கிடையாது. வாஸ்கோவுக்கு அறுபத்திரண்டு. அவன் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளை ஓட்டவிட்டு, வலப்பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான்.

"ஒரு வருஷம்தானே. நான் பக்கத்துல இருக்கேன். அதுக்கப்புறம் இதையே ராணி மாதிரி ஓட்டு. இன்னொரு வண்டி எதுக்கு, தண்டத்துக்கு?"

அவள் வண்டியை வாசலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். அண்ணனுக்கு ஒரு வருடம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நான் தனியா போகணும், வாஸ்கோ."

"எங்க?"

"உனக்குத் தெரியும்."

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். இறங்கினான். கோழிகளைக் கூட்டில் அடைக்கப் போனான். கோழிகள் ஏற்கெனவே அடைந்திருந்தன.

அடுத்த சில நாட்கள் வீட்டில் உப்பு எடு, கதவைச் சாத்து என்ற அளவுக்குத்தான் பேச்சு. அவள் மனதுக்குள் அவனைத் திட்டித் தீர்த்தாள். தான் போக மாட்டான், என்னையும் விட மாட்டான், சட்டமும் அவனுக்குத்தான் சாமரம் வீசுகிறது என்று.

சனிக்கிழமை அவள் ரொட்டி வாங்கச் சதுக்கத்துக்குப் போனபோது காவல்நிலைய வாசலில் கூட்டம். நடுவில் அவர்களுடைய சாம்பல் கார். பின்சீட்டில் ஐந்து மூட்டைகள், அடுப்பில் எரிக்கிற மரத்தூள் வில்லைகள். ஒவ்வொன்றும் பிள்ளை மாதிரி நெருக்கி உட்கார்ந்திருந்தது. குறுக்கே சீட் பெல்ட் போட்டிருந்தது. வாஸ்கோ கையில் குவாரியின் முத்திரை குத்திய எடைச் சீட்டு.

"சட்டம் என்ன கேக்குது? எடைக்கு இவ்வளவு சக்தின்னு. சக்தியை நான் குறைக்க முடியாது. எடையைக் கூட்டிட்டேன். இப்ப கோட்டுக்குக் கீழ. இந்தா சீட்டு. முப்பத்தஞ்சு வருஷமா என் சீட்டை ஒருத்தன் தப்புன்னு சொன்னதில்ல." கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது. ஒருவன் சொன்னான்தான்.

கபூத்தோ சீட்டை முன்னும் பின்னும் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று அவன் பட்ட பாடு பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"சிஞ்ஞோர் வாஸ்கோ, ஆர்.சி. புத்தகத்துல என்ன எடை போட்டிருக்கோ அதுதான் கணக்கு. உங்க அடுப்புக்கரி கணக்குல வராது."

"புத்தகம் என்னைக்காவது எதையாவது நிறுத்திருக்கா, மரேஷல்?"

"அப்ப குளிருதுன்னு ரெண்டு மூட்டையை எறக்கி எரிச்சுட்டா? நான் அடுப்புக்குள்ள வந்து அபராதம் போடணுமா?"

கூட்டம் சிரித்தது. ரொட்டிக்கடைக்காரி, மூட்டைகளுக்கு லைசென்ஸ் இருக்கா, பத்து வருஷம் ஆச்சா என்று கேட்டாள். ஒர்னெல்லாவுக்குக் காது சுட்டது. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள். ஊர் சிரிக்க வைத்துவிட்டானே என்ற கோபத்தில் பாதி வழி வேகமாக நடந்தாள். மீதி வழியில் அந்தக் கோபம் எங்கேயோ நழுவிவிட்டது. ஐந்து மூட்டை அந்த வண்டியில் இருந்தால், முன்சீட்டில் வாஸ்கோ இருக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அவன் விடியலில் குவாரியைத் திறந்து, மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கி நிறுத்துப் பார்த்திருக்கிறான். எவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தானோ அவனிடம் அவள் போவதற்கு.

அவன் வந்து மூட்டைகளை இறக்கும்போது அவளும் ஒரு முனையைப் பிடித்தாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"தனியா போகணும்னியே."

"வாயால சொல்லக் கூடாதா, போயிட்டு வான்னு?"

மூட்டையை அடுக்கிவிட்டு அவன் கையைத் தட்டிக்கொண்டான். "அதை மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாத."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முடிந்ததும் அவள் நேரே லெயார்கோவின் பட்டறைக்குப் போனாள். லெயார்கோ பழைய கார் வாங்கி விற்பவன், பொய் சொல்லும்போது மட்டும் ரொம்ப மரியாதையாகப் பேசுவான். முதலில் ஒரு சிவப்பு வண்டியைக் காட்டி, மேடம் என்றான். நம்பரைத் தட்டு என்றாள். தட்டினான். தகுதியில்லை. இரண்டாவது ஒரு குட்டி வெள்ளை வண்டி, புதுசு மாதிரி, கியர் தானே மாறும், முன்னே பின்னே இடிக்காமல் பார்த்துக்கொள்ளக் கண் வைத்திருக்கும். தகுதி உண்டு. ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பல் டாக்டருக்கும் செருப்புக் கடைக்கும் அது போதும்.

"இது கணவாய் ஏறுமா?"

"ஏறும், மேடம்."

"மேடமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "வெயில் காலத்துல ஏறும், ஒர்னெல்லா."

கொட்டகையின் கடைசியில், டயர்க் குவியலுக்குப் பின்னால் ஒரு பெட்டி நின்றது. பெட்டி என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கு வளைவு என்பதே கிடையாது. மங்கிய பச்சை. கண்ணாடியில் பயணிகளைக் காக்கும் புனித கிறிஸ்தோபர் படம். செத்துப்போன பாதிரியார் தோன் செவேரோவின் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். மலை மேல் வீடுகளில் சாகக் கிடப்பவர்களுக்குக் கடைசி எண்ணெய் பூச அவர் பனியில் போய்வந்த வண்டி. அது வருவதைப் பார்த்தாலே நோயாளிக்கு நெஞ்சடைக்கும் என்று ஊரில் பேச்சு.

"அதுக்குச் சக்தியே கிடையாது," என்றான் லெயார்கோ. "தட்டிப் பாக்கவே வேண்டாம். வேகமா போகணும்னா ஜெபம்தான் பண்ணணும்."

"தட்டு."

தகுதி உண்டு.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டில் மெழுகுவர்த்தியும் சலாமி இறைச்சியும் கலந்து மணத்தது. லெயார்கோ வழக்கப்படி வலப்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான்.

"நீ எங்க வர்றே?"

"ஓட்டிப் பாக்கணும்ல? நான் கூட இருந்து..."

"நீ இல்லாம ஓடுதான்னுதான் பாக்கணும்."

காலை வெளியே எடுத்தான். அவள் குவாரி மேடு வரை தனியாக ஏறித் திரும்பினாள். கியர் ஒவ்வொன்றும் பழைய பீரோக் கதவு மாதிரி விழுந்தது. மேட்டில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அவள் மறுபடி கிளப்பினாள். யாரும் கிளட்ச் கிளட்ச் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து, இதுதான் என்றாள். வெள்ளை வண்டியை விட்டுவிட்டுப் பிணவண்டியை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று லெயார்கோ அன்று சாயங்காலமே ஊருக்கு அறிவித்தான்.

வாஸ்கோ அந்தப் பச்சைப் பெட்டியை வாசலில் பார்த்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். ஆனால் அந்த வாரம் முழுக்க, அவள் பார்க்காத நேரத்தில், அதன் அடியில் படுத்துக் கிடந்தான். வைப்பர் மாறியது. பனிக்கால டயர் வந்தது. பின்பக்கம் டயருக்குப் போடும் ஒரு பனிச்சங்கிலியும் ஒரு மண்வெட்டியும் முளைத்தன. ஞாயிறு காலை அவள் கோட்டு மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தபோது அவன் அடுப்பைக் கிளறிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னான்:

"கணவாய்ல காலையில ஐஸ் இருக்கும். நிழல் வளைவுல ரெண்டாவது கியர். வெயில் ஏறின பெறகு போ."

போயிட்டு வா என்பதற்கு அவனிடம் இருந்த சொற்கள் அவ்வளவுதான். அவள் வெயில் ஏறும்வரை காத்திருந்து கிளம்பினாள்.

மலைப்பாதையில் அவளுக்கு முன்னால் ஒரு பால் லாரி. கடைசி ஊசி வளைவில் அது நின்றது. அவளும் நின்றாள். கிளம்பும்போது பச்சைப் பெட்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியது. பின்னால் பள்ளம். பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய கைப்பைதான் இருந்தது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கைப்பிரேக்கை இழுத்தாள், மூச்சு விட்டாள், ஆக்சிலேட்டரை மிதித்தாள். நான்கு சக்கரமும் சேர்ந்து மலையைப் பிடித்தது.

ஒலிந்தோ இல்லத்தின் வாசலில் கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். பச்சை வண்டி உள்ளே நுழைவதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. தோன் செவேரோ அந்தப் பக்கத்திலும் எண்ணெய் பூசியவர்தான். கதவு திறந்து தங்கை இறங்கினாள்.

"அட கழுதை. பாதிரின்னு நெனச்சேன். யார் கூட்டிட்டு வந்தா?"

"நான்தான்."

"நீ சரி. ஓட்டினது யார்?"

"நான்தான்னேன்ல."

அவன் எட்டி வலப்பக்கச் சீட்டைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். பிறகு ரோட்டை. அங்கே யாரும் இல்லை என்பது உறுதியானதும் அவன் தோள் கொஞ்சம் தாழ்ந்ததை அவள் கவனித்தாள். நிம்மதி இறங்கினால் தோள் அப்படித் தாழாது.

டாக்டர் அம்மாளிடம் சொல்லிவிட்டு, சின்ன ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்து அவனை ஏற்றிக்கொண்டாள். மேலே அவனுடைய பழைய வீடு வரை போனார்கள். வழியெல்லாம் அவள் ஓட்டுவதைத் திட்டிக்கொண்டே அவனும் இல்லாத பிரேக்கை மிதித்தான். ஆண்பிள்ளைகளுக்கு வலது காலில் ஏதோ வியாதி என்று அவள் முடிவு கட்டினாள். ஊர் மதுக்கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரன் பழக்கதோஷத்தில் இரண்டு கிண்ணம் ஒயின் வைத்தான். அவள் ஒன்றை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டுக் காபி கேட்டாள்.

"குடிக்க மாட்டியா?"

"மூணு வருஷத்துக்குக் கூடாது. நான் பதினெட்டு வயசுப் பொண்ணு."

அவன் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தான். வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னான்:

"அவன்கிட்ட சொல்லு. வந்தா நான் ஒண்ணும் கதவைச் சாத்த மாட்டேன்."

பத்து வருடம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவள் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவே சொல் சுமந்து, இவன் சொன்னதில் கொஞ்சம் சர்க்கரை போட்டு அங்கேயும், அவன் சொன்னதில் கொஞ்சம் போட்டு இங்கேயும் ஊற்றியிருப்பாள். அவளுக்கு அவன் மேல் பாசம் பொங்கியது. அதனாலேயே காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் உன்னைப் பாக்க வந்தேன், ஒலிந்தோ. தூது போக வரல. அவன் போன் நம்பர் மாறல. நீயே பேசு."

"மூச்சு வாங்குது எனக்கு."

"என்னை இவ்வளவு நேரம் திட்டினேல்ல, அந்த மூச்சு போதும்."

இல்லத்தில் இறக்கி விட்டபோது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறும் வருவாயா என்று கேட்டான். வெள்ளிக்கிழமையும் வருவேன், பள்ளிக்கூடம் அரைநாள்தான் என்றாள். யாரையும் கேட்காமல் சொன்ன வாக்கு. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

திரும்பும்போது கணவாயிலிருந்து இறங்கி, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றாள். இடப்பக்கம் வீடு. வலப்பக்கம் ஆற்றங்கரைச் சாலை, சுற்று வழி, சிநேகிதி லோரெத்தாவின் வீடு அந்தப் பக்கம். வீட்டில் ஒரு மனுஷன் அடுப்பைக் கிளறியபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவனை நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

லோரெத்தாவுக்குப் போன் செய்யவில்லை. போனால் இருப்பாள். வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டாள். இன்று இரண்டு காபி.